எள்ளு ஏன் 28 கிராம் கூடிப்போச்சு

போன ஆகஸ்ட்ல எங்க கவுண்டி ஃபேர்ல, அதாவது மாவட்டக் கண்காட்சியில, முயல் ஷெட்டுல, ஜட்ஜ் எங்க கருப்பு ஆண் முயல் எள்ளுவைத் தூக்கித் தராசுல வச்சாரு, 4 பவுண்டு 5 அவுன்ஸ்னு காட்டுச்சு. மினி ரெக்ஸ் இனத்துல வளந்த ஆண் முயலுக்கு உச்ச எடை நாலேகால் பவுண்டு, அதாவது 4 பவுண்டு 4 அவுன்ஸ். ஒரே ஒரு அவுன்ஸ் கூட. 28 கிராம். அவ்வளவுதான், போட்டியில இருந்து எடுத்துட்டாங்க. எம்மகளுக்குப் பன்னெண்டு வயசு, அவ அழல, எள்ளுவை நெஞ்சோட சேத்துப் பிடிச்சுக்கிட்டு கூண்டுப் பக்கம் போயிட்டா. எனக்குத்தான் அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல, ஏன்னா அந்த மூணு வாரமும் தீவனம் அளந்து போட்டது நான்.

அந்த ஜட்ஜ் நல்ல மனுஷன். எல்லாம் முடிஞ்ச பிறகு எங்களைக் கூப்பிட்டு எள்ளுவோட பின்தொடைக்கு மேல முடியை வாயால ஊதிக் காட்டுனாரு. அடியில கரேல்னு புது முடி வந்துக்கிட்டிருக்கு, மேல பழைய முடி செம்பட்டையா உதிராம நிக்குது, ரெண்டுக்கும் நடுவுல வயல் வரப்பு மாதிரி ஒரு கோடு. "எடை சரியா இருந்திருந்தாலும் இந்தக் கோட்டோட இது மேல வந்திருக்காது"ன்னாரு. அப்புறம் எம்மக கையைப் பிடிச்சு முயலோட தோள்பட்டைக்குப் பின்னால வச்சு அமுக்கச் சொன்னாரு. தொளதொளன்னு இருந்துச்சு. நான் சதைன்னு நினைச்சு ஏத்துனதெல்லாம் கொழுப்பு.

நாங்க இருக்குறது ஒஹையோவுல. பிள்ளைங்க பிராணி வளத்து ஃபேருக்குக் கொண்டுவர்ற ஃபோர்-ஹெச் கிளப் பொறந்த மாநிலம் இது, 1902ல ஸ்பிரிங்ஃபீல்டுல ஏ.பி. கிரஹாம்னு ஒரு ஸ்கூல் சூப்பரின்டெண்டென்ட் கிராமத்துப் பிள்ளைங்களுக்காக ஆரம்பிச்ச கிளப்புதான் அதோட தொடக்கம். இப்ப நம்ம தமிழ்க் குடும்பங்கள்லயும் நாலஞ்சு பேரு பிள்ளைங்களை அதுல சேத்திருக்காங்க, மாடு பன்னியெல்லாம் வீட்டுல வைக்க முடியாது, அதனால முயல். எல்லாரும் எங்கிட்ட கேக்குறது ஒரே கேள்வி, "முடி நல்லா பளபளன்னு வர என்ன போடுறீங்க?". ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாட்ஸாப்ல டைப் பண்ணிக்கிட்டிருக்கேன், அதுக்குப் பதிலா எல்லாத்தையும் இங்கயே எழுதிடுறேன்.

முதல்ல நான் என்ன பண்ணேன்னு சொல்லிடுறேன். ஃபேருக்கு மூணு வாரம் இருக்கும்போது பயம் வந்துச்சு, எள்ளு ஒல்லியா இருக்கானோ முடி மங்கலா இருக்கோன்னு. கடையில போய்க் கருப்புச் சூரியகாந்தி விதை ஒரு பை, உடைச்ச மக்காச்சோளம் ஒரு பை, கால்ஃப் மன்னா ஒரு பை வாங்கிட்டு வந்தேன். கால்ஃப் மன்னான்னா 25 சதவீதம் புரதம் உள்ள சப்ளிமெண்ட், இங்க ஷோவுக்கு முயல் வளக்குறவங்க ரொம்பப் பேரு கொஞ்சமா கலந்து போடுவாங்க, பையைப் பிரிச்சா சோம்பும் வெந்தயமும் சேந்த வாசம் வரும், ஊரு மளிகைக் கடை ஞாபகம் வந்துரும். அது நல்ல பொருள்தான், நான் போட்ட அளவுலதான் கோளாறு. காலையில ஒரு டேபிள்ஸ்பூன், சாயங்காலம் ஒரு டேபிள்ஸ்பூன்னு மூணையும் கலந்து, வழக்கமான பெல்லட்டுக்கு, அதாவது கடையில விக்குற குச்சித் தீவனத்துக்கு, மேல போட்டேன். ரெண்டு கிலோ கூட இல்லாத ஒரு உயிருக்கு.

சூரியகாந்தி விதையில ஓட்டோட சேத்து எடுத்தாலே 40 சதவீதத்துக்குக் கிட்ட எண்ணெய். முயலோட சாதாரண பெல்லட்ல கொழுப்பு 3 சதவீதம் இருந்தாலே போதும். கணக்குப் போட்டுப் பாருங்க. அந்த எண்ணெய்ல இருக்குற லினோலெயிக் அமிலம் தோலுக்கு நல்லதுதான், முடிக்கு மினுமினுப்பு வரும்ங்கறதும் நிஜம்தான், ஆனா அதுக்கு ஒரு நாளைக்கு எட்டுப் பத்து விதை போதும், எண்ணி வைக்கலாம். இங்க பழைய ஆளுங்க, முப்பது நாப்பது வருஷமா வளக்குறவங்க, விதையைக் குளிர்காலத்துல கொடுத்துட்டு வெயில் ஏற ஏறக் குறைச்சுருவாங்க. அவங்க சொல்றது, கொழுப்பு ஏறுன முயலுக்கு வெயில்ல மூச்சு வாங்கும், முடியையும் சீக்கிரம் கொட்டும்னு. நான் ஜூலையில, ஒஹையோ புழுக்கத்துல, ரெண்டு வேளை அள்ளிப் போட்டிருக்கேன்.

மக்காச்சோளம் அதைவிட மோசம். மாவுச்சத்து அதிகம், சின்னக் குடல்ல செரிக்காம மிஞ்சுனது பின்னால சீக்கத்துக்குப் போயிரும். சீக்கம்ங்கறது பெருங்குடல் தொடங்குற இடத்துல இருக்குற பை மாதிரியான குடல், முயலுக்கு வயித்துலயே பெரிய உறுப்பு அதுதான். அங்க இருக்குற நல்ல கிருமிகதான் நாரைப் புளிக்க வச்சுச் சத்தாக்குது. மாவு போய்ச் சேந்தா அங்க கெட்ட கிருமி பெருகும், வயிறு ஊதும், கழியும், குட்டி முயலா இருந்தா ஒரே ராத்திரியில போயிரும். எள்ளுவுக்கு அந்த அளவுக்கு ஆகல, ஆனா அடையாளம் இருந்துச்சு, நான்தான் கவனிக்கல. காலையில கூண்டுத் தட்டுல திராட்சைக் கொத்து மாதிரி மெத்துனு பளபளப்பா புழுக்கை கெடந்துச்சு. அது முயல் திரும்பச் சாப்பிட வேண்டியது. முயல் ரெண்டு வகைப் புழுக்கை போடும், கெட்டியா உருண்டையா ஒண்ணு, மெதுவா கொத்தா ஒண்ணு, அந்த ரெண்டாவதை நேரா ஆசனவாயில இருந்தே வாங்கித் தின்னுரும், பி வைட்டமினும் கிருமிப் புரதமும் அதுலதான் இருக்கு. அது தின்னப்படாம கீழ கெடக்குதுன்னா ஒண்ணு முயல் குனிய முடியாத அளவுக்குக் குண்டாயிருக்கு, இல்ல தீவனம் ரொம்பச் செறிவா இருக்கு. எங்க விஷயத்துல ரெண்டும்.

இப்ப முடிக்கு வருவோம். ரெக்ஸ் முயலோட முடி மத்த முயல் மாதிரி கிடையாது. 1919ல பிரான்ஸ்ல ஒரு பண்ணையில தற்செயலா வந்த மாற்றம் அது, மேல நீட்டிக்கிட்டு நிக்குற காவல் முடி அடிமுடி அளவுக்கே குட்டையாயிருச்சு, அதனால எல்லாம் ஒரே மட்டத்துல வெல்வெட் மாதிரி நிமிந்து நிக்கும். அதோட சின்ன உருவம் மினி ரெக்ஸ், அமெரிக்காவுல 1988ல இனமா ஏத்துக்கிட்டாங்க. முடியோட நீளம் முக்கால் இஞ்சுக்கும் கொஞ்சம் கம்மியா, 1.6 செண்டிமீட்டர் கிட்ட இருக்கணும், கையை வால்ல இருந்து தலைப்பக்கம் எதிர்த்துத் தடவுனா விரலுக்கு நெருக்கமா தட்டுப்படணும். இந்த நெருக்கமும் நீளமும் தாய் தகப்பன்கிட்ட இருந்து வரணும், எந்தத் தீவனத்தாலயும் உண்டாக்க முடியாது. பிறவியில இருக்குறதை முழுசா வெளிய கொண்டுவர்றதுதான் தீவனத்தோட வேலை. இதைப் புரிஞ்சுக்க எனக்கு ஒரு வருஷம் ஆச்சு.

முடிங்கறது கெரட்டின், கிட்டத்தட்ட முழுக்கப் புரதம், அதுலயும் மெத்தியோனைன் சிஸ்டைன்னு கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள் நிறையத் தேவைப்படும். அதனால புது முடி முளைக்குற அந்த அஞ்சாறு வாரம்தான் தீவனம் வேலை செய்யுற நேரம். முளைச்சு முடிஞ்ச முடி செத்த பொருள், அதுக்கு மேல என்ன ஊட்டுனாலும் அந்த முடிக்குப் போய்ச் சேராது. ஃபேருக்கு மூணு வாரம் இருக்கும்போது நான் ஊட்டுனது எதுவும் முடிக்குப் போகல, இடுப்புக்குத்தான் போச்சு. இப்ப காலண்டர்ல பின்னால இருந்து எண்ணுறோம், ஃபேர் தேதியில இருந்து ரெண்டு ரெண்டரை மாசம் முன்னாடியே ஊதி ஊதிப் பாக்க ஆரம்பிச்சுர்றோம், எங்க கோடு விழுதுன்னு. வருஷத்துல மோல்ட், அதாவது பழைய முடி கொட்டிப் புது முடி வர்றது, எப்ப வரும்ங்கறதை முக்கியமா முடிவு பண்றது பகல் நீளமும் வெயிலும், நம்மளால அதை நிறுத்த முடியாது, ஆனா வர்றப்ப உடம்பு தயாரா இருந்தா சீக்கிரம் கடந்து வந்துரும்.

மோல்ட் நடக்குறப்ப நாங்க பண்றது இது. பெல்லட் 16 சதவீதம் புரதம் உள்ளது, நார் 18க்குக் குறையாதது, எள்ளுவுக்கு ஒரு நாளைக்கு 3 அவுன்ஸ், 85 கிராம் வரும், சமையலறைத் தராசுல வச்சு எடுத்தது, கப்பால அளக்குறதில்ல, ஏன்னா ஒவ்வொரு பையிலயும் குச்சியோட பருமன் மாறும், கப் ஏமாத்தும். கால்ஃப் மன்னா ஒரு கால் டீஸ்பூன், அதுவும் முடி முளைச்சு முடியுற வரைக்கும்தான். புரதம் கூடக் கூட நல்லதுன்னு நினைக்காதீங்க, மிஞ்சுனதெல்லாம் மூத்திரத்துல யூரியாவாப் போய் வெளிய அம்மோனியாவா மாறும், மூடுன ஷெட்டுல அந்த நெடி மூக்கையும் நுரையீரலையும்தான் தாக்கும், தும்முற முயலை ஷோ டேபிள் மேல வைக்க முடியாது.

அப்புறம் புல்லு. இதை நான் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் பத்தாது. டிமோத்திங்கற காய்ஞ்ச புல்லு எப்பவும் கூண்டுல இருக்கணும், அளவே கிடையாது. மோல்ட்ல முயல் தன்னையே நக்கி நக்கி முடியை முழுங்கும், பூனை மாதிரி வாந்தி எடுத்து வெளிய தள்ள முயலால முடியாது, முழுங்குனது பின்பக்கமாத்தான் போகணும். நீள நாரும் தண்ணியும் இருந்தா குடல் ஓடிக்கிட்டே இருக்கும், முடி தானா வெளிய வந்துரும். சிலபேரு பப்பாளி மாத்திரை கொடுக்குறாங்க, பப்பாளியில இருக்குற நொதி முடியைக் கரைக்காது, அந்தக் காசுக்கு இன்னொரு கட்டு புல்லு வாங்குங்க. அல்ஃபால்ஃபாவை, நம்ம ஊர்ல குதிரை மசால்னு சொல்வாங்களே அதை, வளர்ற குட்டிக்கும் பால் கொடுக்குற தாய்க்கும் போடலாம், வளந்த முயலுக்குத் தினமும் வேண்டாம், புரதமும் கால்சியமும் கூட. கடையில விக்குற பெல்லட் நிறைய அதுலயே செஞ்சதுதான், மேல வேற எதுக்கு.

தண்ணியைப் பத்தி யாரும் கேக்குறதே இல்ல. ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 50ல இருந்து 150 மில்லி வரைக்கும் குடிக்கும், வெயில்ல அதுக்கும் மேல. போன ஜூன்ல எங்க வெள்ளைப் பெட்டை, சீனின்னு பேரு, ரெண்டு நாள் தீவனத்தைப் பாதி பாதியா விட்டா, நாங்க தீவனத்தைக் குறை சொல்லிக்கிட்டிருந்தோம், கடைசியில பாட்டில் நுனியில இருக்குற குண்டு சிக்கித் தண்ணியே வரல. தண்ணி இல்லாம காய்ஞ்ச தீவனத்தை முயல் தொடாது. அன்னைல இருந்து தினமும் விரலை வச்சு அழுத்திப் பாக்குறது மகளோட வேலை, அதோட கனமான ஒரு கிண்ணத்துலயும் தண்ணி வைக்குறோம்.

ஃபேர் முடிஞ்ச பிறகுதான் அம்மா ஊர்ல இருந்து வந்தாங்க. எங்களுக்கு வடமதுரைப் பக்கம், அய்யலூர் வியாழக்கிழமை ஆட்டுச்சந்தைக்கு அம்மா சின்னதுல இருந்து தாத்தாவோட போய் வந்தவங்க, கல்யாணத்துக்குப் பிறகும் ஆடு வச்சிருந்தாங்க. வந்த மறுநாளே கூண்டுப் பக்கம் போய் உக்காந்துட்டாங்க. "என்னடா இது, தராசுல வச்சு வச்சு எழுதிக்கிட்டிருக்கீங்க, முதுகைத் தொட்டுப் பாத்தீங்களா?"ன்னாங்க. சந்தையில ஆடு வாங்குறவங்க கடைசி விலா எலும்புக்குப் பின்னால முதுகுத்தண்டுல கையை வச்சு அமுக்கிப் பாப்பாங்க, துண்டுக்குள்ள விரல் பிடிச்சு விலை பேசுறதுக்கு முன்னாடி அதுதான் நடக்கும். அம்மா அதே கையை எள்ளு முதுகுல வச்சாங்க. "இங்க பாரு பாப்பா, கண்ணை மூடிக்கோ. எலும்பு முள்ளு முள்ளா குத்துனா பட்டினி. எலும்பே தெரியாம மெத்தை மாதிரி இருந்தா ஊளைச்சதை. நடுவுல பாசிமணி கோத்த மாதிரி உருண்டையா தெரியணும், ரெண்டு பக்கமும் சதை கெட்டியா இருக்கணும்." எம்மக கண்ணை மூடிக்கிட்டு எள்ளு முதுகைத் தடவுறா, "அப்பத்தா, மெத்தை"ன்னு சொல்றா. "ஆமா, மெத்தைதான், உங்கப்பன் போட்டது"ன்னாங்க.

இங்க முயல் ஜட்ஜுங்க செய்யுறதும் இதேதான், முதுகுல ஆரம்பிச்சு இடுப்பு வழியா பின்தொடை வரைக்கும் கை ஓடும், சதை கெட்டியா இருக்கான்னு அமுக்கிப் பாப்பாங்க. சந்தைக்கும் ஷோ டேபிளுக்கும் இருக்குற தூரம் பெருசா தெரிஞ்சாலும் கை படுற இடம் ஒண்ணுதான். அன்னைல இருந்து வாரத்துக்கு ரெண்டு நாள், ஞாயிறும் புதனும், மக கண்ணை மூடிக்கிட்டு எல்லா முயலையும் தொட்டுப் பாத்து நோட்டுல எழுதுவா, "முள்", "மணி", "மெத்தை"ன்னு மூணே வார்த்தை, அதுக்குப் பக்கத்துல எடை. மெத்தைன்னு வந்தா பெல்லட்ல 10 கிராம் குறையும், புல்லு குறையாது. முள்ளுன்னு வந்தா ஒரு டீஸ்பூன் முழு ஓட்ஸ், இல்லைன்னா பார்லி. உடம்பு ஏத்தணும்னா ஓட்ஸ் மக்காச்சோளத்தைவிட எவ்வளவோ நல்லது, உமியோட இருக்குறதால நாரும் சேந்து போகும். எந்த மாத்தமா இருந்தாலும் ஒரு வாரம் பத்து நாள்ல கொஞ்சம் கொஞ்சமா. பெல்லட் பிராண்டு மாத்துறதா இருந்தா முதல்ல கால் பங்கு புதுசு முக்கால் பங்கு பழசு, அப்புறம் பாதிப் பாதி, இப்படித்தான். திடீர்னு மாத்துனா வயிறு கெடும், வயிறு கெட்டா முடியில ஒரு மாசத்துக்குத் தெரியும்.

அம்மாவுக்கும் எனக்கும் ஒரே ஒரு விஷயத்துலதான் சண்டை. எங்க பக்கம் ஜல்லிக்கட்டுக் காளைக்குப் பருத்திக்கொட்டை ஆட்டி ஊத்துவாங்க, தோலு எண்ணெய் தடவுன மாதிரி இருக்கும். இதுக்கும் கொஞ்சம் ஆட்டி வைடான்னாங்க. மாடு அசை போடுறது, அதோட முதல் வயித்துலயே பருத்திக்கொட்டையில இருக்குற காஸிபால்ங்கற நஞ்சு பெரும்பாலும் கட்டுப்பட்டுரும், முயலுக்கு அந்த வயிறு இல்ல, ஒத்துக்காதும்மான்னு சொன்னேன். கேட்டுக்கிட்டாங்க. கேரட்டுக்கு மட்டும் கேக்கல, யாரும் பாக்காதப்ப ஒரு துண்டு கொடுத்துருவாங்க. கேரட் இனிப்பு, விரல் நகம் அளவுக்குன்னா பரவாயில்ல, அதுக்கு மேல மிட்டாய் மாதிரிதான். நாங்க கேரட்டுக்குப் பதிலா நாலு தண்டு கொத்தமல்லின்னு முடிவு பண்ணிக்கிட்டோம், வீடு முழுக்க ரசம் வச்ச வாசம்.

தீவனத்தோட சம்பந்தமில்லாத மாதிரி தெரியுற ரெண்டு விஷயம், ஆனா முடியைக் கெடுக்குறது. ஒண்ணு நேர் வெயில், கருப்பு முடி செம்பட்டை அடிச்சுரும், எந்தச் சத்தும் அதைத் திருப்பாது. ரெண்டு, பழைய பெல்லட். பையில தயாரிச்ச தேதி இருக்கும், அதைப் பாருங்க, மாசக்கணக்குல கெடந்தா வைட்டமின் குறையும், கொழுப்பு சிக்கு வாடை அடிக்கும், முகந்து பாத்தாலே தெரியும். தள்ளுபடியில பெரிய பை வாங்கி கராஜ்ல வெயில்ல போட்டு வைக்குறது லாபமில்ல. சீப்பெல்லாம் ரெக்ஸுக்கு வேண்டாம், கையை ஈரமாக்கித் தடவுனா செத்த முடி ஒட்டிக்கிட்டு வரும்.

வேளையும் முக்கியம். முயல் அந்திக்கும் விடியலுக்கும்தான் சுறுசுறுப்பா தின்னும், பகல் முழுக்கத் தூங்கும். ஜூலை ஆகஸ்ட்ல காலையில போட்டா வெப்பத்துல தொடாது, நாங்க ராத்திரி எட்டரைக்கு மேல போடுறோம், தினமும் அதே நேரம். 30 டிகிரி தாண்டுற நாள்ல தண்ணி பாட்டிலை ஃப்ரீஸர்ல உறைய வச்சுக் கூண்டுக்குள்ள வைக்குறோம், எள்ளு அது மேல சாஞ்சுக்கிட்டுக் கெடப்பான். ஃபேருக்குப் போறப்ப வீட்டுத் தண்ணியைக் கேன்ல எடுத்துட்டுப் போங்க, வேற ஊர்த் தண்ணியை முயல் வாசம் பாத்துட்டுக் குடிக்காம விட்டுரும், ரெண்டு நாள்ல சதை வத்திரும். பயணத்துல பெல்லட்டைப் பாதியாக்கிட்டு புல்லும் கொஞ்சம் ஓட்ஸும், வயிறு இளகாம இருக்கும்.

இந்த வருஷம் எள்ளு ஜூன் ரெண்டாவது வாரம் கோடு விட்டான், முதல்ல தோள்ல, அப்புறம் விலாவுல, இப்ப பின்தொடையில மட்டும் ஒரு ரெண்டு விரல் அகலத்துக்குப் பழசு பாக்கி. அம்மா ஊருக்குப் போயாச்சு, ஞாயித்துக்கிழமை வீடியோ கால்ல முதல் கேள்வியே "கருப்பன் முதுகு என்னடி சொல்லுது"தான். மக நோட்டைப் பாத்துப் படிச்சா. மணி. 4 பவுண்டு 1 அவுன்ஸ். ஃபேருக்கு இன்னும் அஞ்சு வாரம்.